நூற்கணக்கும் நிலக்கணக்கும்: வேற்றினப் பின்னங்களைக் கூட்டும் முறை

தறியில் அமர்ந்து நெய்பவருக்கும், மலைச்சரிவில் காப்பிச் செடி வளர்ப்பவருக்கும் பொதுவாயுள்ள தொல்லை ஒன்று உண்டு. அதுவே பின்னக் கணக்கு. முழு எண்களைக் கூட்டுவதிலும் கழிப்பதிலும் நம் அங்கத்தினர் எவருக்கும் சளைத்தவரல்லர். ஆனால் "மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு?" என்று வினவினால் பலர் தயங்குகின்றனர், சிலரோ தயக்கமின்றித் தவறான விடையைக் கூறிவிடுகின்றனர். தயங்குபவர் பிறரைக் கேட்டுத் தெளிவார். தயங்காமல் தவறுபவர் தம் நூலிலோ நிலத்திலோ கூலியிலோ நஷ்டமடைந்த பின்னரே தெளிவார். ஆகவே, பகுதிகள் வெவ்வேறாயுள்ள பின்னங்களைக் கூட்டும் முறையை இவ்விதழில் ஆராய்வோம். பள்ளியில் ஒருமுறை படித்து மறந்தவர்களும், பள்ளிக்கே செல்லாதவர்களும் இதனைத் தொடர்ந்து வரலாம். பெருக்கல் வாய்பாடு தெரிந்தால் போதும்.

பின்னம் என்பது யாது?

ஒரு முழுப்பொருளைச் சமமான துண்டுகளாக்கி, அவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொள்வதே பின்னம். கோட்டின் கீழுள்ள எண் பகுதி எனப்படும். முழுப்பொருள் எத்தனை துண்டாயிற்று என்பதை அது சொல்லும். மேலுள்ள எண் தொகுதி எனப்படும். அத்துண்டுகளில் எத்தனை நம்மிடம் உள்ளன என்பதை அது சொல்லும். 3/8 என்றால் எட்டுத் துண்டாக்கி மூன்றை எடுத்தோம் என்பது பொருள்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். பகுதி என்பது எண்ணிக்கையன்று. துண்டின் இனத்தைக் குறிக்கும் பெயர். ஐந்து தேங்காயும் மூன்று தேங்காயும் எட்டுத் தேங்காய் ஆவதுபோல, எட்டில் இரண்டும் எட்டில் மூன்றும் எட்டில் ஐந்து ஆகும். பகுதி ஒன்றாயுள்ள இவற்றை ஓரினப் பின்னங்கள் என்பர். இவற்றின் தொகுதிகளை மட்டும் கூட்டினால் போதும். ஆனால் ஒரு முழமும் ஒரு சாணும் எவ்வளவு என்று கேட்டால், "இரண்டு" என்று கூற இயலுமா? முழத்தைச் சாணாக்கிய பின்னரே கூட்ட முடியும். ஒரு முழம் இரண்டு சாண் ஆதலின், விடை மூன்று சாண். பகுதி வேறுபட்ட வேற்றினப் பின்னங்களைக் கூட்டும் முறையும் இதுவேயாகும். முதலில் ஓரினமாக்குக, பின்னர்க் கூட்டுக. இப்பாடம் முழுவதற்கும் இவ்வொரு விதியே அடிப்படை.

மலைநிலத்தில் ஒரு கணக்கு

சேர்வராயன் மலையில் காப்பி வேரூன்றியது 1820களில், எம். டி. காக்பர்ன் என்பவர் சேலம் ஆட்சியராய் இருந்த காலத்தில். இன்று ஏற்காட்டைச் சுற்றிலும் நிழல் மரங்களின் கீழே காப்பியும், அம்மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடியும், இடையிடையே ஆரஞ்சும் காணலாம். மலைவாழ் மக்கள் நெடுங்காலமாய் விளைவித்து வரும் சாமையும் கேழ்வரகும் உண்டு.

அங்கு ஒரு குடும்பத்தாருக்கு மூன்று ஏக்கர் நிலம் இருப்பதாகக் கொள்வோம். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காப்பி. நான்கில் ஒரு பங்கு ஆரஞ்சு. ஆறில் ஒரு பங்கு சாமை. எஞ்சியதில் புதிதாகக் கன்று நட விரும்புகின்றனர். எஞ்சியது எவ்வளவு?

அவசரக்காரர் மேலெண்களை மேலெண்களோடும் கீழெண்களைக் கீழெண்களோடும் கூட்டி, 3/13 என்பார். இது பிழை என்பதை அறியக் கணக்காசிரியர் வேண்டியதில்லை. பதின்மூன்றில் மூன்று என்பது நான்கில் ஒன்றினும் குறைவு. காப்பி மட்டுமே மூன்றில் ஒரு பங்கு நிலத்தைப் பிடித்திருக்க, காப்பியும் ஆரஞ்சும் சாமையும் சேர்ந்து அதனினும் குறைந்த இடத்தில் அடங்குவது எவ்வாறு? கூட்டி வந்த விடை, கூட்டிய உறுப்புகளுள் பெரியதைவிடச் சிறியதாய் இருக்குமானால், கணக்குத் தவறு என்று உடனே முடிவு செய்யலாம். இச்சோதனையை எந்நாளும் மறத்தல் கூடாது.

சரியான வழி இது. 3, 4, 6 ஆகிய மூன்று பகுதிகளாலும் மீதியின்றி வகுபடும் எண் ஒன்றைத் தேடுக. பெரிய பகுதியாகிய ஆறின் மடங்குகளை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் எளிதில் கிட்டும். 6 நான்கால் வகுபடாது. 12 மூன்றாலும் நான்காலும் ஆறாலும் வகுபடும். ஆகவே நிலத்தைப் பன்னிரண்டு சம துண்டுகளாக எண்ணிக்கொள்க.

1/3 = 4/12 (மேலும் கீழும் நான்கால் பெருக்கினோம்)
1/4 = 3/12 (மேலும் கீழும் மூன்றால் பெருக்கினோம்)
1/6 = 2/12 (மேலும் கீழும் இரண்டால் பெருக்கினோம்)

மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்குவதால் பின்னத்தின் மதிப்பு மாறாது. துண்டு சிறியதாகும்போது துண்டுகளின் எண்ணிக்கை அதே விகிதத்தில் பெருகிவிடுகிறது. இப்பொழுது யாவும் ஓரினம். 4, 3, 2 சேர்ந்து 9, ஆகவே 9/12. மூன்றால் சுருக்கினால் 3/4. எஞ்சிய நிலம் 1/4.

சென்ட் கணக்கில் சரிபார்ப்போம். மூன்று ஏக்கர் 300 சென்ட். காப்பி 100, ஆரஞ்சு 75, சாமை 50; ஆக 225. எஞ்சியது 75 சென்ட், அதாவது முக்கால் ஏக்கர். இது 300 சென்டில் நான்கில் ஒரு பங்கேயாம். விடை ஒத்துவருகிறது.

இவ்வாறு எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவான மடங்குகளுள் மிகச் சிறியதை மீச்சிறு பொது மடங்கு என்பர். பகுதிகள் அனைத்தையும் ஒன்றோடொன்று பெருக்கி வரும் 72 என்னும் எண்ணைக் கொண்டாலும் விடை மாறாது. ஆனால் பெரிய எண்களோடு வீணே போராட நேரும். இக்கருத்து நமக்கு அயலானதன்று. கன்னட நாட்டில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகாவீராசாரியர், தம் கணித சார சங்கிரகம் என்னும் வடமொழி நூலில் பின்னங்களைக் கூட்டுதற்கு இம்மடங்கைக் காணும் வழியைக் கூறியுள்ளார். அந்நூலை எம். ரங்காசாரியர் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912இல் சென்னையில் வெளிவந்தது.

நூலில் ஒரு கணக்கு

இனி மலையடிவாரத்திற்கு வருவோம். சேலம் வட்டாரத்து நெசவாளருக்கு நூலின் நம்பர் என்பது அன்றாடச் சொல். நாற்பது, அறுபது, எண்பது என்று சொல்கிறோமே, அவ்வெண் எதனைக் குறிக்கிறது? 840 கஜ நீளமுள்ள நூற்சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு ராத்தல், அதாவது ஒரு பவுண்டு எடை ஆகுமோ, அத்தொகையே நம்பர். கிலோவும் மீட்டரும் வந்து பல்லாண்டுகள் ஆகியும், பருத்தி நூலின் நம்பர் இன்றும் இப்பழைய அளவையே ஒட்டியிருக்கிறது.

நாற்பதாம் நம்பரில் 40 சிட்டம் ஒரு ராத்தல். எனவே ஒரு சிட்டத்தின் எடை 1/40 ராத்தல். அறுபதாம் நம்பரில் ஒரு சிட்டம் 1/60 ராத்தல். நம்பர் உயர உயர நூல் மெலிவதன் காரணம் இதுவே. நம்பர் என்பது பின்னத்தின் கீழே நிற்கும் எண்.

நாற்பதாம் நம்பர் இழை ஒன்றையும் அறுபதாம் நம்பர் இழை ஒன்றையும் இணைத்து முறுக்கினால், கிடைக்கும் இரட்டை இழை எந்த நம்பருக்குச் சமம்? அனுபவமுள்ள கைகளும் இங்குத் தடுமாறுவதுண்டு. "நாற்பதுக்கும் அறுபதுக்கும் சராசரி ஐம்பது, இரண்டு இழையாதலால் அதில் பாதி இருபத்தைந்து" என்று கூறுவர். கேட்பதற்குச் சரிபோலவே தோன்றும். எடையைக் கூட்டிப் பார்ப்போம்.

1/40 + 1/60

அறுபதின் மடங்குகளில் 60 நாற்பதால் வகுபடாது, 120 வகுபடும்.

1/40 = 3/120
1/60 = 2/120
கூட்டினால் 5/120 = 1/24

இரட்டை இழையில் ஒரு சிட்டம் 1/24 ராத்தல். ஆகவே அது இருபத்தைந்தாம் நம்பரன்று. இருபத்து நான்காம் நம்பர்.

ஒரு நம்பர் வேறுபாட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று எண்ண வேண்டாம். இரட்டை இழை 120 சிட்டம் தேவைப்படும் வேலை ஒன்று வந்திருப்பதாகக் கொள்க. 24ஆம் நம்பரானால் வேண்டிய நூல் 120/24, அதாவது 5 ராத்தல். 25 என்று தவறாகக் கணக்கிட்டவர் 120/25, அதாவது 4.8 ராத்தலே போதும் என்பார். அந்த 4.8 ராத்தல் நூலிலிருந்து 115.2 சிட்டமே கிடைக்கும். குறைவது 4.8 சிட்டம், கஜக் கணக்கில் 4,032 கஜம். சங்கத்தில் நூலை எடை போட்டுக் கொடுக்கின்றனர். நெய்த துணியையும் எடை பார்த்து வாங்குகின்றனர். இடையில் ஏற்படும் குறைவு யார் கணக்கில் ஏறும்? தறியில் அமர்ந்தவர் கணக்கில்தான். கைவேலையில் ஒரு குற்றமும் செய்யாத நெசவாளி, பின்னம் கூட்டத் தெரியாமையால் நூலைக் குறைத்தவர் என்னும் பழிக்கு ஆளாகக்கூடும். முறுக்கும்போது நீளம் சற்றுச் சுருங்குவதும், கழிவு போவதும் தனி விஷயங்கள். அவற்றிற்கு வேண்டியதை இந்த 5 ராத்தலுக்கு மேல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முன்னர்ச் சொன்ன அவசரக்காரரை இங்கும் அழைத்துப் பார்க்கலாம். 1/40, 1/60 இரண்டையும் அவர் 2/100 என்று கூட்டி, அதனை 1/50 என்று சுருக்குவார். அப்படியானால் நாற்பதாம் நம்பர் ஒற்றை இழையைவிட, அதனோடு இன்னோர் இழையும் சேர்ந்த இரட்டை இழை எடை குறைந்ததாகிவிடும்! இழை சேர்ந்தால் எடை கூடுமேயன்றிக் குறையாது. நம் சோதனை இங்கும் பிழையைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

இரட்டை முறுக்கு நூலின் மேல் 2/40 என்று எழுதியிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். நாற்பதாம் நம்பர் இழை இரண்டு சேர்ந்தது என்பதற்கான அடையாளம் அது. அதனையே பின்னமாகவும் படிக்கலாம். 1/40 உம் 1/40 உம் கூட்டினால் 2/40, சுருக்கினால் 1/20. ஒரு சிட்டம் 1/20 ராத்தல். ஆகவே அது இருபதாம் நம்பர் ஒற்றை நூலுக்குச் சமம்.

பட்டு நெய்பவர்களுக்கு இத்தொல்லை இல்லை. பட்டு நூலை டெனியர் என்னும் அளவால் குறிக்கின்றனர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ, அதுவே டெனியர். அங்கு நீளம் நிலையானது. எடையே எண்ணாக வருகிறது. ஆகையால் 20 டெனியர் இழையோடு 30 டெனியர் இழையைச் சேர்த்தால் 50 டெனியர் என்று நேராகக் கூட்டிவிடலாம். பருத்தியிலோ எடை நிலையானது. நீளமே எண்ணாக வருகிறது. அதனால்தான் எண்ணைத் தலைகீழாக்கிப் பின்னமாக எழுதிய பின்னரே கூட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு நூலும் நெய்பவர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வாராக.

முன்னோர் வகுத்த முந்திரி

வேற்றினத்தை ஓரினமாக்கும் இம்முறை தமிழருக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் எண்சுவடியை மனப்பாடம் செய்த காலத்தில், ஒவ்வொரு பின்னத்திற்கும் ஒரு பெயர் இருந்தது. 1/320 முந்திரி, 1/160 அரைக்காணி, 1/80 காணி, 1/40 அரைமா, 1/20 மா, 1/16 மாகாணி அல்லது வீசம், 1/10 இருமா, 1/8 அரைக்கால், 1/5 நாலுமா, இவற்றுடன் கால், அரை, முக்கால். பெயர்கள் பலவாயினும் யாவும் முந்திரியில் அடங்கும் என்பதே இதன் சிறப்பு. காணி 4 முந்திரி, மா 16, மாகாணி 20, அரைக்கால் 40, நாலுமா 64, கால் 80, அரை 160, முக்கால் 240. ஒவ்வொரு முறையும் பொது மடங்கைத் தேட வேண்டிய வேலையே அவர்களுக்கு இல்லை. 320 என்னும் பொதுப் பகுதியை முன்னரே வகுத்து வைத்துவிட்டனர்.

எடுத்துக்காட்டாக, அரைக்காலும் ஒரு மாவும் ஒரு காணியும் எவ்வளவு? 40, 16, 4 சேர்ந்து 60 முந்திரி. அறுபது முந்திரிக்கு மூவீசம் என்று பெயர். இன்றைய எழுத்தில் 3/16. நம் முறைப்படி 1/8, 1/20, 1/80 ஆகியவற்றை எண்பதின் துண்டுகளாக்கினால் 10, 4, 1; ஆக 15/80 = 3/16. இரு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

இது வெறும் சுவடிக் கணக்கன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்துக் கல்வெட்டுகள், ஊர்களின் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரிகை என்று நுணுக்கி அளந்து பொறித்துள்ளன. ஒரு வேலிக்கு இருபது மா. வரி விதிப்போருக்கும் வரி செலுத்துவோருக்கும் இடையே நின்ற நீதி அச்சிறு பின்னங்களில் அடங்கியிருந்தது.

எனினும் முந்திரிக்கும் ஓர் எல்லை உண்டு. 320 மூன்றால் வகுபடாது. ஆகவே மூன்றில் ஒரு பங்கை முழு முந்திரிகளால் சொல்ல இயலாது. எந்தப் பொதுப் பகுதியும் தன்னை மீதியின்றி வகுக்கும் எண்களுக்கே உதவும்.

காசும் பின்னமும்

நாணயத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். பழைய ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 12 பைசா. ஆக ஒரு ரூபாய் 192 பழைய பைசா. 192 மூன்றால் வகுபடும்; ரூபாயில் மூன்றில் ஒரு பங்கு மிகச் சரியாக 5 அணா 4 பைசா. ஆனால் அது ஐந்தால் வகுபடாது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றாயிற்று. இப்பொழுது ஐந்தில் ஒரு பங்கு சரியாக 20 பைசா. மூன்றில் ஒரு பங்கோ 33 பைசாவும் மீதியும்.

அம்மாறுதலின் போது ஓர் அணாவின் சரியான மதிப்பு 6 1/4 நயா பைசா. கால் பைசா நாணயம் இல்லாமையால், அரசாங்க மாற்றுப் பட்டியலில் ஓர் அணாவுக்கு 6 நயா பைசா என்றும், மூன்று அணாவுக்கு 19 என்றும், நான்கு அணாவுக்கு 25 என்றும் குறித்தனர். ஓரணாச் சரக்கைத் தனித்தனியே மூன்று முறை விற்றவருக்கு 18 கிடைத்தது. மூன்றையும் சேர்த்து விற்றவருக்கு 19. வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு முறையும் பின்னத்தை வெட்டியெறிந்த பின் கூட்டியதிலிருந்து வந்தது.

இதனின்று நம் கணக்குப் புத்தகங்களுக்கு ஒரு நெறி கிடைக்கிறது. பங்குகளைத் தனித்தனியே காசாக மாற்றி, சில்லறையைத் தள்ளிவிட்டுக் கூட்டுதல் கூடாது. முதலில் பின்னங்களைப் பின்னங்களாகவே கூட்டி, முடிவில் ஒரே ஒரு முறை காசாக்க வேண்டும். ஒரு வரவில் ஒரு பைசா பெரிதன்று. ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கான வரவுகளில் அதுவே ஒருவர் கூலியளவு ஆகிவிடும்.

முறையின் சுருக்கம்

1. பகுதிகள் எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண்ணைக் காண்க.
2. ஒவ்வொரு பின்னத்தையும் அவ்வெண் பகுதியாய் வருமாறு, மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்குக.
3. தொகுதிகளை மட்டும் கூட்டுக. பகுதியை அப்படியே வைத்துக்கொள்க.
4. விடையைச் சுருக்குக.
5. விடை, கூட்டியவற்றுள் பெரியதைவிடப் பெரியதா எனச் சோதிக்க.

பயிற்சி

1. காப்பி 1/2, ஆரஞ்சு 1/5, நாற்றங்கால் 1/10 ஆக உள்ள நிலத்தில் எஞ்சியது எவ்வளவு?
2. 20, 30, 60 ஆம் நம்பர் இழைகள் மூன்றைச் சேர்த்து முறுக்கினால், அது எந்த நம்பருக்குச் சமம்?
3. மாகாணியும் அரைமாவும் முக்காணியும் (3/80) சேர்ந்தால் என்ன?
4. ஒரு தோட்டத்துக் காப்பிப் பழத்தை ஒருவர் தனியே 4 நாளிலும், மற்றொருவர் தனியே 6 நாளிலும் பறித்து முடிப்பர். இருவரும் சேர்ந்து 2 நாள் பறித்தால், எஞ்சிய வேலை எவ்வளவு?

விடைகள்: (1) 1/5. (2) 10ஆம் நம்பர். (3) அரைக்கால். (4) 1/6.

விடையைப் பாராமல் முதலில் தாமே செய்து பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். வீட்டிலுள்ள பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளலாம். அவர்கள் புத்தகத்தில் படிப்பதைப் பெற்றோர் நூலிலும் நிலத்திலும் காட்டினால், இருவருக்கும் நன்மை. கூட்டுறவில் ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு. மகாசபைக் கூட்டத்தில் வாசிக்கப்படும் கணக்கைத் தாமே கூட்டிப் பார்க்கத் தெரிந்தவரின் வாக்கே முழு வாக்கு ஆகும்.